ஒரு புள்ளிக்கும் ஓர் அடைப்புக்குறிக்கும் எத்தனை அர்த்தம்? இபிஎல் குவெரியில் மெத்தட் அழைப்புகள்

எஸ்பர் என்ற நிகழ்வுச் செயலாக்க இன்ஜினில் குவெரி எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு பிழைச் செய்தி நன்றாகத் தெரிந்திருக்கும். நீங்கள் புள்ளி வைத்து எழுதிய பெயரை ப்ராப்பர்ட்டியாகவோ (நிகழ்வுக்குள் இருக்கும் தரவுப் புலம்), சிங்கிள்-ரோ ஃபங்ஷனாகவோ (ஒரே நிகழ்வை வைத்து விடை தருவது), அக்ரிகேஷன் ஃபங்ஷனாகவோ (பல நிகழ்வுகளைத் தொகுத்து விடை தருவது), ஸ்கிரிப்டாகவோ, ஸ்ட்ரீமாகவோ (நிகழ்வுகளின் ஓட்டம்), கிளாஸ் பெயராகவோ கண்டுபிடிக்க முடியவில்லை என்று அது சொல்லும். பெரும்பாலும் எழுத்துப்பிழைதான் காரணம், திருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் அந்தச் செய்திக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது, கவனித்தீர்களா? நீங்கள் எழுதும் ஒரு பெயருக்கு இன்ஜின் ஆறு இடங்களில் ஆள் தேடுகிறது. எங்கேயும் கிடைக்காவிட்டால் சத்தம் போடுகிறது. இரண்டு இடத்தில் கிடைத்தால் என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு, ஏனென்றால் அங்கே பல நேரம் அது சத்தமே போடுவதில்லை.

எஸ்பர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2006 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கும் ஜாவா இன்ஜின் அது, டாட்நெட் பக்கத்துக்கு என்எஸ்பர் என்று ஒன்று உண்டு. தரவுதளத்தில் தரவு இருந்த இடத்தில் இருக்கும், குவெரி வந்து கேட்டுவிட்டுப் போகும். இங்கே குவெரி நிரந்தரமாக நிற்கிறது, நிகழ்வுகள் அதைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கின்றன. குவெரியின் மொழி இபிஎல், பார்த்தால் எஸ்கியூஎல் மாதிரியே இருக்கும், ஆனால் அதற்குள் ஜாவா கிளாஸ்களும் மெத்தட்களும் தாராளமாக நடமாடும். அந்த இரண்டு உலகமும் ஒரே புள்ளியையும் ஒரே அடைப்புக்குறியையும் பங்கு போட்டுக்கொள்வதில்தான் வினை ஆரம்பிக்கிறது. (கீழே உதாரணங்களில் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன், உங்கள் கோடில் உள்ள பெயர்களைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.)

இபிஎல்லில் ஒரு நிகழ்வின் ப்ராப்பர்ட்டியை எடுக்க நாலைந்து வழி இருக்கிறது. வெறும் பெயர், உள்ளே இன்னொரு ப்ராப்பர்ட்டி என்றால் புள்ளி, வரிசையில் இத்தனையாவது என்றால் சதுர அடைப்புக்குறி, இருக்குமோ இருக்காதோ என்றால் கேள்விக்குறி, அப்புறம் சாவி கொடுத்து எடுக்கும் மேப் ப்ராப்பர்ட்டி. இந்தக் கடைசி ஆளைத்தான் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் உருவம் இப்படி: வரம்பு('பால்'). இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு ஃபங்ஷன் அழைப்பு என்றுதான் தோன்றும். ஜாவா எழுதும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நிகழ்வின் கிளாஸில் மேப்பைத் திருப்பித் தரும் ஒரு கெட்டர் (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்) இருந்தாலோ, ஒரு ஸ்ட்ரிங்கை வாங்கிக்கொள்ளும் கெட்டர் இருந்தாலோ, இது ப்ராப்பர்ட்டி.

இரண்டு விளக்கமும் இலக்கணப்படி சரி. எஸ்பரின் பார்சர், அதாவது குவெரி உரையை இலக்கணப்படி பிரிக்கும் பகுதி, ஆன்ட்லர் என்ற பார்சர் உருவாக்கும் கருவியில் எழுதப்பட்டது, ஆன்ட்லர் 4-ன் விதி எளிது: ஒரே உரை இரண்டு மாற்று விதிகளுக்கும் பொருந்தினால், இலக்கணத்தில் முதலில் எழுதப்பட்டது ஜெயிக்கும். 5, 6 பதிப்புகளின் மூல நிரலைத் திறந்து பார்த்தால் ப்ராப்பர்ட்டி முதலில் நிற்கிறது, ஃபங்ஷன் அதற்குப் பிறகு. ஆக அந்தப் பதிப்புகளில் ஒற்றை ஸ்ட்ரிங்கோடு வரும் எந்த அழைப்பும் பார்சரின் கண்ணுக்கு முதலில் ப்ராப்பர்ட்டிதான். அப்புறம் சரிபார்க்கும் கட்டத்தில் அந்தப் பெயரில் நிகழ்வில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், இன்ஜின் அந்த உரையை மறுபடி பிரித்து, கிளாஸ் பெயர், மெத்தட் பெயர், ஒரு ஸ்ட்ரிங் என்று மூன்று துண்டாக்கி, ஸ்டேட்டிக் மெத்தடாக (கிளாஸ் பெயரை வைத்தே அழைக்கும் மெத்தட்) இருக்குமோ என்று பார்க்கிறது. கிளாஸ் பெயர் இல்லையென்றால் நாம் பதிவு செய்த சிங்கிள்-ரோ ஃபங்ஷனா என்று பார்க்கிறது. அதுவும் இல்லையென்றால் அக்ரிகேஷன். அதற்குப் பிறகுதான் கையை விரிக்கிறது.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். எழுதுகிறவருக்கு வசதி. ஆனால் அந்த வசதிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். குளிர்சாதன லாரிகளில் இருந்து வெப்பநிலை வந்துகொண்டே இருக்கிறது. சரக்கின் வகையைக் கொடுத்தால் அதன் உச்ச வெப்பநிலையைத் திருப்பித் தரும் வரம்பு என்ற ஃபங்ஷனை எழுதிப் பதிவு செய்திருக்கிறீர்கள், குவெரியில் வெப்பம் > வரம்பு('பால்') என்று நிபந்தனை. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு வேறொரு குழு, வேறொரு தேவைக்காக, லாரி நிகழ்வின் கிளாஸில் வரம்பு என்ற பெயரிலேயே ஒரு மேப்பைச் சேர்க்கிறது, ஒவ்வொரு வண்டியும் தன்னுடைய சொந்த வரம்புகளை அனுப்பட்டும் என்று. மதிப்புகள் டபுள் (தசம எண்) வகை. குவெரியை யாரும் தொடவில்லை. அடுத்த டெப்ளாய்மென்டில் அதே குவெரி, ஓர் எழுத்துகூட மாறாமல், வேறு பொருளோடு கம்பைல் ஆகிறது. பால் என்ற சாவி இல்லாத வண்டியில் இருந்து நிகழ்வு வந்தால் வலது பக்கம் நல் (null), அதாவது மதிப்பே இல்லை. நல்லோடு ஒப்பிட்டால் விடையும் நல். வடிகட்டியில் நல் என்றால் பொய்க்குச் சமம். அலர்ட் வராது.

இதில் ஒரு சின்ன அதிர்ஷ்டம் சில சமயம் காப்பாற்றும்: அந்த மேப்பின் மதிப்பு வகை வெறும் ஆப்ஜெக்ட் என்று இருந்தால், எண்ணோடு ஒப்பிட முடியாது என்று கம்பைல் நேரத்திலேயே எஸ்பர் மறுத்துவிடும். வகையைச் சரியாக அறிவித்த நல்ல குழுதான் இங்கே மாட்டிக்கொள்கிறது என்பது எனக்கு ரொம்ப உறுத்தும் விஷயம்.

சாதாரண நிரலில் தவறான மெத்தட் அழைக்கப்பட்டால் சீக்கிரமே எங்கேயாவது உடையும், லாகில் தெரியும், யாராவது பார்ப்பார்கள். நிகழ்வுச் செயலாக்கத்தில் தோல்வி என்பது பெரும்பாலும் ஒன்றும் நடக்காமல் இருப்பது. வராத அலர்ட்டை யாரும் கவனிப்பதில்லை, பால் திரிந்து வந்த பிறகுதான் கேள்வி எழும். அதனால்தான் இந்த இலக்கண விஷயத்தை இவ்வளவு இழுக்கிறேன். ஒரு குவெரியின் பொருள் அந்தக் குவெரியிலேயே இருக்க வேண்டும், ஸ்கீமாவில் (நிகழ்வின் வடிவத்தைச் சொல்லும் அறிவிப்பு) நாளைக்கு யார் என்ன பெயரைச் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? ஃபங்ஷன் என்றால் அதைக் குறைந்தது இரண்டு அளவுருக்களோடு வடிவமையுங்கள். மேப் ப்ராப்பர்ட்டியின் உருவம் ஒற்றை ஸ்ட்ரிங் மட்டும்தான். வரம்பு('பால்', வண்டிவகை) என்று எழுதினால் அது ப்ராப்பர்ட்டியாக இருக்கவே முடியாது. அது ஒத்துவராவிட்டால் பெயரில் வேறுபாடு காட்டுங்கள். ஃபங்ஷன்களுக்கு வினைச்சொல், ப்ராப்பர்ட்டிகளுக்குப் பெயர்ச்சொல் என்ற பழைய வழக்கம் ஜாவாவில் அழகுக்காக இருக்கலாம், இபிஎல்லில் அது பாதுகாப்பு. வரம்பைஎடு என்று யாரும் ஒரு மேப்புக்குப் பெயர் வைக்க மாட்டார்கள். உண்மையிலேயே மேப்தான் வேண்டும் என்றால் முன்னால் ஸ்ட்ரீமின் அலையஸை, அதாவது குவெரியில் அதற்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயரை, போடுங்கள்: லா.வரம்பு('பால்'). ஒரே ஸ்ட்ரீம் உள்ள குவெரியில் அலையஸ் எதற்கு என்று பலர் கேட்பார்கள். இதற்குத்தான். படிப்பவருக்கு அது ப்ராப்பர்ட்டி என்று உடனே தெரிகிறது, இன்ஜினுக்கும் தேட வேண்டிய இடம் குறைகிறது.

அலையஸுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆர்டர் என்ற நிகழ்வுக்கு ஆர்டர் என்றே அலையஸ் வைத்து, அந்த நிகழ்வுக்குள்ளும் ஆர்டர் என்று ஒரு ப்ராப்பர்ட்டி இருந்து, இம்போர்ட் செய்த கிளாஸ்களில் ஒன்றுக்கும் அதே பெயர் என்றால், ஆர்டர்.விலை() என்பது எதைக் குறிக்கிறது என்று மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். போதாக்குறைக்கு அது ஆங்கிலத்தில் இபிஎல்லின் ஒதுக்கப்பட்ட சொல் வேறு, பேக்டிக் (`) குறிகளுக்குள் வைத்தால்தான் பெயராகவே எடுத்துக்கொள்ளும். எழுத்தின் பெரிது சிறிது வேறுபாடு காப்பாற்றும் என்று நினைக்கலாம், ஆனால் ப்ராப்பர்ட்டிப் பெயர்களில் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடும்படி அமைக்கும் வசதி எஸ்பரில் இருக்கிறது, உங்கள் திட்டத்தில் யாராவது அதைப் போட்டிருந்தால் அந்தக் காப்பும் போச்சு. ஜாவாவின் லேங், மேத், டெக்ஸ்ட், யூடில் ஆகிய நாலு பேக்கேஜ்களும் தானாகவே இம்போர்ட் ஆகின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் கூப்பிடாத விருந்தாளிகள் நிறைய பேர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். குட்டி எழுத்தில், இரண்டு மூன்று எழுத்தில் அலையஸ் வைப்பது என் வழக்கம், அது எந்தக் கிளாஸோடும் மோதாது.

இன்ஜின் எல்லா இடத்திலும் இப்படி மௌனமாக இருப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்ட்ரீம்களைச் சேர்க்கும்போது இரண்டிலும் இருக்கும் ஒரு ப்ராப்பர்ட்டியை அலையஸ் இல்லாமல் எழுதினால், ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்ட்ரீமுக்குப் பொருந்துகிறது, குழப்பமாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடும். ஒரு வேரியபிளின் பெயரும் ப்ராப்பர்ட்டியின் பெயரும் ஒன்றாக இருந்தாலும் அப்படியே. இதுதான் சரியான நடத்தை, ஒற்றை ஸ்ட்ரிங் அழைப்புக்கும் இதே கண்டிப்பு வேண்டும் என்பது என் ஆசை.

மெத்தட் அழைப்பு என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் கேள்வி தீரவில்லை, யாருடைய மெத்தட் என்பது பாக்கி. லா.எடை() என்று எழுதினால், லா என்பது ஸ்ட்ரீமின் அலையஸ் என்றால், அது நிகழ்வுக்கு அடியில் இருக்கும் ஜாவா ஆப்ஜெக்டின் மெத்தடாக இருக்கலாம், அல்லது இபிஎல்லே தரும் தேதி-நேர மெத்தடாகவோ தொகுப்பு மெத்தடாகவோ இருக்கலாம். நிகழ்வு ஜாவா ஆப்ஜெக்டாக இருக்கும்வரை முதல் வகை வேலை செய்யும். அதே நிகழ்வை நாளைக்கு மேப்பாகவோ ஜேசானாகவோ ஆவ்ரோவாகவோ மாற்றினால் அந்த மெத்தட் அங்கே இருக்காது, ப்ராப்பர்ட்டிகள் மட்டும்தான் இருக்கும். இந்த முறை கம்பைலர் சத்தம் போடும் என்பது நல்ல செய்தி. எனவே ப்ராப்பர்ட்டியாக எடுக்க முடிந்ததை மெத்தடாக அழைக்காதீர்கள்.

தேதி-நேர மெத்தட்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்குப் பிடித்த பகுதி இது. ஜாவாவின் டேட் கிளாஸில் பிஃபோர், ஆஃப்டர் என்று மெத்தட்கள் உண்டு, எல்லோருக்கும் தெரியும். இபிஎல்லிலும் பிஃபோர், ஆஃப்டர் உண்டு, ஆனால் அவை வேறு குடும்பம்: ஜேம்ஸ் ஆலன் 1983-ல் வெளியிட்ட கால இடைவெளி இயற்கணிதத்தின் வழி வந்தவை. ஸ்கீமாவில் தொடக்க நேரம் எது, முடிவு நேரம் எது என்று அறிவித்துவிட்டால், ஒரு நிகழ்வு இன்னொன்றுக்கு முன்பே முடிந்துவிட்டதா, ஒன்றின் மேல் ஒன்று படிகிறதா, ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிறதா என்றெல்லாம் கேட்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் என்பது போன்ற எல்லையையும் கூடவே கொடுக்கலாம். ஜாவாவின் பிஃபோர் இரண்டு நேரப் புள்ளிகளை ஒப்பிடுகிறது, இபிஎல்லின் பிஃபோர் இரண்டு கால இடைவெளிகளை ஒப்பிடுகிறது. புள்ளி, பெயர், அடைப்புக்குறி என்று எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நிகழ்வு கிளாஸை எழுதுபவர் ஆர்வக்கோளாறில் அதற்குள் சொந்தமாக ஒரு பிஃபோர் எழுதிவைத்தால், குவெரியைப் படிக்கும் மூன்றாவது ஆளுக்கு எது ஓடுகிறது என்று தெரிய வழியே இல்லை. இபிஎல்லின் சொந்த மெத்தட் பெயர்கள் எதையும் நிகழ்வு கிளாஸில் வைக்கக் கூடாது என்று குழுவில் ஒரு விதி போட்டுவிடுங்கள். தொகுப்பு மெத்தட்களில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் உள்ளே => குறியோடு ஒரு லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) வரும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அளவுருக்களின் எண்ணிக்கையே பொருளை மாற்றும் இடமும் இருக்கிறது. மேக்ஸ் ஃபங்ஷனுக்கு ஒரே ஒரு மதிப்பைக் கொடுத்தால் அது விண்டோவில் (இன்ஜின் அப்போது கணக்கில் வைத்திருக்கும் நிகழ்வுகளின் தொகுதி) உள்ள எல்லா நிகழ்வுகளிலும் பெரியதைக் கண்டுபிடிக்கும் அக்ரிகேஷன். இரண்டு கொடுத்தால் அந்த ஒரே நிகழ்வுக்குள் இரண்டில் பெரியதைத் தரும் சிங்கிள்-ரோ ஃபங்ஷன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மற்ற அக்ரிகேஷன்களில் இரண்டாவது இடத்தில் ஒரு வடிகட்டி நிபந்தனை கொடுக்கலாம், மேக்ஸில் அந்த இடம் ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது, அதனால்தான் எஃப்மேக்ஸ், எஃப்மின் என்று தனிப் பெயரில் இரண்டைப் படைத்திருக்கிறார்கள். மொழியை வடிவமைத்தவர்களே குழப்பத்துக்குத் தீர்வாகப் புதுப் பெயரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஓவர்லோட் விஷயத்துக்கு வருவோம். ஒரே பெயரில் இன்ட்டுக்கு ஒன்று, டபுளுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்டேட்டிக் மெத்தட் வைத்திருக்கிறீர்கள். குவெரியில் கணக்கிடு(எண்ணிக்கை / 2) என்று எழுதுகிறீர்கள். ஜாவாக்காரர் இரண்டு இன்ட், ஆகவே வகுத்தலும் இன்ட், ஆகவே இன்ட் மெத்தட் என்று நினைப்பார். எஸ்பரில் இயல்பாக வகுத்தலின் விடை டபுள், ஜாவா மாதிரி முழுஎண் வகுத்தல் வேண்டுமென்றால் அமைப்பில் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக ஓடுவது டபுள் மெத்தட். அதேபோல் கவுண்ட் தருவது லாங், ஆவரேஜ் தருவது டபுள். இன்ட் வாங்கும் மெத்தட் மட்டும் இருந்து அதற்குள் கவுண்ட்டைக் கொடுத்தால், பொருந்தும் மெத்தட் இல்லை என்று பிழை வரும், பெரிய வகையில் இருந்து சிறியதற்குத் தானாக இறங்காது. காஸ்ட் போட்டு வகையை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. இன்னும் நல்லது, குவெரியில் இருந்து அழைக்கப்படும் மெத்தட்களுக்கு ஓவர்லோடே வைக்காமல் இருப்பது. ஜாவாவுக்குள் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இபிஎல்லுக்குக் காட்டும் முகத்தில் ஒரு பெயருக்கு ஒரே மெத்தட்.

டக் டைப்பிங் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், மெத்தட் இருக்கிறதா இல்லையா என்ற சோதனையைக் கம்பைல் நேரத்தில் இருந்து ஓடும் நேரத்துக்குத் தள்ளிவிடலாம். தயவுசெய்து வேண்டாம். மேலே சொன்ன எல்லாச் சிக்கலுக்கும் நம்மிடம் இருக்கும் ஒரே காவல் கம்பைலர்தான், அதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்ன செய்யப்போகிறோம்?

எஸ்பரில் எழுத்தளவில் குழப்பத்தை முழுசாக நீக்கும் ஒரு கருவி உண்டு, பலரும் பயன்படுத்துவதில்லை. எந்த வெளிப்பாட்டின் (எக்ஸ்பிரஷன்) விடை மீது மெத்தட்டை அழைக்க வேண்டுமோ அதை அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே புள்ளி வைப்பது. அடைப்புக்குறிக்குள் போனதும் அது ஒரு முழு வெளிப்பாடு, கிளாஸ் பெயரின் பாதியாகவோ பேக்கேஜ் பெயரின் வாலாகவோ அதை யாரும் படிக்க முடியாது. போஸ்ட்கிரஸ் தரவுதளத்திலும் இதே தீர்வுதான்: கூட்டு வகையுள்ள ஒரு நெடுவரிசையின் உள்ளே இருக்கும் புலத்தை எடுக்க அந்த நெடுவரிசையின் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்தாக வேண்டும், இல்லையென்றால் அதை டேபிள் பெயர் என்று பார்சர் எடுத்துக்கொள்ளும். அங்கே கட்டாயம், இங்கே நம் இஷ்டம். கட்டாயமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும்.

வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். சித்தி என்ற நிகழ்வுச் செயலாக்க இன்ஜின் இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களின் திட்டமாக ஆரம்பித்தது, 2011-ல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தது, பிறகு டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் தயாரிப்புகளுக்குள் போனது. அதில் நீட்டிப்பு ஃபங்ஷன்களை எழுதும்போது முன்னால் பெயர்வெளியும் முக்காற்புள்ளியும் வரும்: கணித ஃபங்ஷன் என்றால் மேத்:ரவுண்ட், ஸ்ட்ரிங் என்றால் எஸ்டிஆர்:லெங்த் என்கிற மாதிரி. புள்ளி தன் வேலையைப் பார்க்கிறது, முக்காற்புள்ளி தன் வேலையைப் பார்க்கிறது. ஜாவா மெத்தட்களை அப்படியே புள்ளி வைத்து அழைக்கும் சுதந்திரம் எஸ்பரில் அதிகம், சித்தியில் நீட்டிப்பாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும், வேலை கூடுதல். ஆனாலும் பத்து பேர் சேர்ந்து பராமரிக்கும் குவெரித் தொகுப்பு என்றால் எனக்கு சித்தியின் கண்டிப்புதான் பிடிக்கும். எஸ்பரும் ஒரு இடத்தில் இந்தப் பாதையில் வந்திருக்கிறது: பழைய பதிப்புகளில் விண்டோவைக்கூட நிகழ்வின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்துத்தான் எழுதினோம், பிறகு அதற்கென்று # குறி வந்தது.

கடைசியாக ஒன்று, சின்னதுதான், ஆனால் அடுத்தடுத்த குவெரிகளில் தொல்லை கொடுக்கும். செலக்டில் ஒரு மெத்தட் அழைப்பை எழுதி அதற்குப் பெயர் சூட்டாமல் விட்டால், அந்த வெளிப்பாட்டின் உரையே விடையில் அந்த நெடுவரிசையின் பெயராகிவிடும், அடைப்புக்குறி மேற்கோள்குறி சகிதம். இதை இன்செர்ட் இன்டூ போட்டு இன்னொரு ஸ்ட்ரீமுக்கு அனுப்பினால், அங்கே அதே உரையை எழுதி அந்த நெடுவரிசையை எடுக்கப் பார்க்கும்போது, அது நெடுவரிசையின் பெயரா, மேப் ப்ராப்பர்ட்டியா, ஃபங்ஷனா என்று முதல் பத்தியில் இருந்து எல்லாம் மறுபடி ஆரம்பிக்கும். ஆஸ் போட்டு ஒரு நல்ல பெயர் கொடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்பு என்றால், கம்பைல் ஆன ஒவ்வொரு ஸ்டேட்மென்டிடமும் அதன் நிகழ்வு வகையைக் கேட்டு, நெடுவரிசைகளின் பெயரையும் வகையையும் ஒரு கோப்பில் எழுதிவைத்து, அடுத்த ஸ்கீமா மாற்றத்துக்குப் பிறகு அதே கோப்பை மறுபடி உருவாக்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். டபுளாக இருந்தது ஆப்ஜெக்ட் ஆகியிருந்தால் அங்கே ஒரு பெயர் கைமாறியிருக்கிறது என்று அர்த்தம். செலக்டில் வராத, நிபந்தனைக்குள் மட்டும் இருக்கும் அழைப்புகள் இந்த ஒப்பீட்டில் சிக்காது. அவற்றுக்கு ஒற்றை ஸ்ட்ரிங் அழைப்புகளை எல்லாம் கிரெப் என்ற உரைத்தேடல் கட்டளையால் தேடியெடுத்து, புதிதாகச் சேர்ந்த ப்ராப்பர்ட்டிப் பெயர்களோடு ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஒத்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை, அந்த வேலையை டெப்ளாய்மென்டுக்கு முன் ஓடும் ஒரு ஸ்கிரிப்டாக எழுதிவிட்டால் கையால் செய்ய வேண்டியதில்லை.